சி.பி. குழந்தையின் கையை எதை வைத்து அளப்பது?

“வலது கை ஃபங்ஷன் சுமார். ஃபைன் மோட்டார் கன்ட்ரோல் குறைவு. தெரபி தொடரவும்.” பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி, சுருக்கமாக சி.பி.) உள்ள குழந்தைகளின் ஃபைலைப் புரட்டினால் இப்படி ஒரு வரி எங்காவது இருக்கும். ஆறு மாதம் கழித்து எழுதிய ரிப்போர்ட்டிலும் ஏறக்குறைய அதே வரிதான். நடுவில் குழந்தை விடாமல் தெரபிக்கு வந்திருக்கும், அதற்காக அம்மா வேலையைக்கூட விட்டிருப்பார். ஆனால் கை முன்னேறியதா, அப்படியே நிற்கிறதா, பின்னுக்குப் போனதா என்று அந்தத் தாளை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

கால் விஷயத்தில் இவ்வளவு குழப்பம் இல்லை. பிடித்துக்கொண்டு நின்றவன் இப்போது வாக்கரில் நடக்கிறான் என்றால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கையில் நடக்கும் மாற்றம் சின்னது, கண்ணுக்குச் சட்டென்று படாது. அதனால்தான் அளக்க ஒரு கருவி வேண்டியிருக்கிறது. கருவிகளுக்குப் பஞ்சமும் இல்லை. முக்கியமாக 1990களில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து, இன்று ஒரு புது தெரபிஸ்ட் பட்டியலைப் பார்த்தால் மலைத்துப்போகும் அளவுக்கு இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரு சின்ன சிகிச்சை மையத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஓர் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்), ஒரு ஃபிசியோ, ஒரு சிறப்பாசிரியர், கொஞ்சம் பணம், நிறையக் குழந்தைகள். அந்த மையம் எதை எடுத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிடலாம்? பெற்றோர் படித்தாலும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன், ஏனென்றால் “என்ன டெஸ்ட் வைத்துப் பார்த்தீர்கள்?” என்று கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ‘கை கன்ட்ரோல்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக அசைக்க முடிகிறதா? “இதை எடு” என்று சொன்னால் அந்தக் கையால் அதிகபட்சம் எவ்வளவு செய்ய முடிகிறது? யாரும் எதுவும் சொல்லாதபோது, குழந்தை தானாக அந்தக் கையைப் பயன்படுத்துகிறதா? உலக சுகாதார நிறுவனம் 2001இல் கொண்டுவந்த ஐ.சி.எஃப். வகைப்பாடும் உடலின் செயல்பாடு, ஒருவருக்குள்ள திறன், அன்றாடத்தில் உண்மையில் செய்வது என்று இவற்றைத் தனித்தனியாகத்தான் வைக்கிறது.

இந்த மூன்றுக்கும் பதில் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட சில குழந்தைகள், கேட்டால் அந்தக் கையால் கட்டையை அழகாக எடுத்துத் தருவார்கள். விளையாட விட்டால் அதே கை மடியில் சும்மா கிடக்கும். நல்ல கையிலேயே எல்லாம் முடிந்துவிடும்போது மற்றதை எதற்குக் கூப்பிடுவது என்று மூளை பழகிக்கொள்கிறது. இந்தக் குழந்தைக்குத் ‘திறன்’ சோதனை வைத்தால் நல்ல மதிப்பெண் வரும், ‘பயன்பாடு’ சோதனை வைத்தால் குறைவாக வரும். இரண்டும் சரியான எண்தான். எந்த எண் வேண்டும் என்பது அடுத்து என்ன முடிவு எடுக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. சிறந்த சோதனை எது என்று தேடுவதை விட்டுவிட்டு, இப்போது முன்னால் இருக்கும் முடிவு எது என்று கேட்டால் தேர்வு பாதி முடிந்துவிடும்.

மேக்ஸ்: எல்லோருக்கும் வேண்டும், ஆனால் இது அளவுகோல் இல்லை

மேனுவல் எபிலிட்டி கிளாசிஃபிகேஷன் சிஸ்டம், சுருக்கமாக மேக்ஸ். ஸ்வீடனில் உருவாகி 2006இல் வெளிவந்தது. 4 முதல் 18 வயது வரைக்கும் ஐந்து நிலைகள். பொருட்களை எளிதாகக் கையாளும் குழந்தை முதல் நிலை. கையாளும், ஆனால் மெதுவாக அல்லது கொஞ்சம் தடுமாறி என்றால் இரண்டாவது. யாராவது தயார்செய்து கொடுத்தால்தான் செய்யும் என்றால் மூன்றாவது. எளிதான சில பொருட்களை மட்டும், ஏற்பாடு செய்த சூழலில் கையாளும் என்றால் நான்காவது. கையாளவே முடியாதது ஐந்தாவது. 1 முதல் 4 வயதுக்கு மினி-மேக்ஸ் தனியாக இருக்கிறது. செலவு இல்லை, கருவி வேண்டாம், பெற்றோரிடம் பேசினாலே போதும்.

ஆனால் பேசும் விதம் முக்கியம். “சாப்பிடுவானா?” என்றால் நம் வீடுகளில் “ஓ, நல்லா சாப்பிடுவான்” என்றுதான் பதில் வரும். “யார் பிசைந்து கொடுப்பீர்கள்?” என்று அடுத்துக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். பாட்டி சாதத்தைப் பிசைந்து, உருட்டித் தட்டில் வைத்தபிறகுதான் அவன் எடுத்து வாயில் போடுகிறான் என்றால், அந்த இடத்தில் அவன் மூன்றாம் நிலைக் குழந்தை மாதிரிதான் செய்கிறான். இன்னொன்று, வலது பக்கம் பாதிக்கப்பட்ட குழந்தையை “சோத்துக் கையாலதான் சாப்பிடணும்” என்று வற்புறுத்தும் வீடுகள் இன்றும் உண்டு. இடது கையால் தானே சாப்பிடக்கூடிய குழந்தைக்கு, வலது கையால் முடியவில்லை என்று ஊட்டிவிடுவார்கள். அம்மா “சாப்பிடத் தெரியாது” என்பார். அங்கே தெரியவருவது வீட்டின் விதி, கையின் எல்லை இல்லை. மேக்ஸ் இரண்டு கைகளும் சேர்ந்து செய்வதைத்தான் பார்க்கிறது, எந்தக் கை என்று பார்ப்பதில்லை. அதனால் இதைக் கேட்டுப் பிரித்தெடுக்க வேண்டும்.

மேக்ஸ் நிலையை வைத்துத் தெரபியின் பலனை நிரூபிக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது சரிப்பட்டு வராது. ஒரு குழந்தையின் நிலை ஆண்டுக்கணக்கில் பெரிதாக மாறாமல் இருக்கும் என்பதுதான் இந்த வகைப்பாட்டின் பயனே. எல்லாக் குழந்தைக்கும் ஃபைலின் முதல் பக்கத்தில் மேக்ஸ் நிலை எழுதியிருக்க வேண்டும். அதோடு அதன் வேலை முடிந்தது.

கட்டுப்பாட்டை மட்டும் தனியாகப் பார்க்க

சி.பி.யில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இருப்பது இறுக்கம் உள்ள வகை. மூளையில் இருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் கட்டளைப் பாதை அடிபட்டிருக்கும். அதனால் ஒரு மூட்டை மட்டும் தனியாக அசைக்கும் திறமை போய்விடுகிறது. டம்ளரை எடுக்கக் கை நீட்டச் சொன்னால் தோள் தூக்கும், முழங்கை மடங்கும், மணிக்கட்டு தொங்கும், விரல்கள் மூடிக்கொள்ளும், எல்லாம் ஒரே கட்டாக நடக்கும். சில குழந்தைகளுக்கு ஒரு கையால் செய்யும்போது மறு கையும் அதையே திருப்பிச் செய்யும். பாதிக்கப்படாத மூளைப்பக்கமே இரண்டு கைகளையும் ஓட்டவேண்டி வந்த குழந்தைகளிடம் இந்தக் கண்ணாடி அசைவு அதிகம்.

இந்த இடத்தில்தான் நம் மையங்களில் பெரிய இடைவெளி இருக்கிறது. எல்லோரும் இறுக்கத்தை அளக்கிறார்கள். மாடிஃபைடு ஆஷ்வர்த் அளவுகோல், 1987இல் இருந்து இருப்பது, 0 முதல் 4 வரை, நடுவில் ஒரு 1+. தெரபிஸ்ட் கையைப் பிடித்து நீட்டும்போது எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்க்கும். அதாவது குழந்தை எதுவும் செய்யாமல் இருக்கும்போது தசை எப்படி இருக்கிறது என்று சொல்லும். குழந்தை தானாக அசைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. “ஊசி போட்டா கை வேலை செய்யுமா டாக்டர்?” என்று அம்மா கேட்கும்போது, பதில் பெரும்பாலும் இந்த இரண்டாவது விஷயத்தில்தான் இருக்கிறது. போட்டுலினம் ஊசி இறுக்கத்தைச் சுமார் மூன்று மாதத்துக்குத் தளர்த்தும். இல்லாத கட்டுப்பாட்டை அது கொண்டுவராது. மணிக்கட்டை மேலே தூக்கும் கட்டளை கொஞ்சமாவது இருக்கிற குழந்தைக்கு, இறுக்கம் தளர்ந்த அந்த மூன்று மாதத்தில் நல்ல பயிற்சி கொடுத்தால் பயன் கிடைக்கலாம். கட்டளையே இல்லாத கையில் ஊசி போட்டால் கழுவித் துடைக்கவும் சட்டை மாட்டவும் எளிதாகும். அதுவும் நல்ல காரணம்தான், ஆனால் வேறு காரணம். பெற்றோருக்கு எதற்காகப் போடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டை நேராகப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஸ்கூஸ் என்பது 2016இல் வந்தது. தோள், முழங்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று ஐந்து இடங்களை வீடியோவில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை கொடுக்கும். டாஸ்க் எனப்படும் டெஸ்ட் ஆஃப் ஆர்ம் செலக்டிவ் கன்ட்ரோல் 2018இல் வந்தது. கால்களுக்கு 2009இல் இருந்து பயன்பாட்டில் இருக்கும் ஸ்கேல் சோதனையின் அமைப்பையே கைக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் 0, 1, 2 மட்டும். அசைவே தனியாக வரவில்லை, வருகிறது ஆனால் குறையோடு, சரியாக வருகிறது. அவ்வளவுதான்.

இரண்டில் நான் டாஸ்க் பக்கம். காரணம் எளிது: மூன்று படிகள் என்றால் இரண்டு பேர் பார்த்தாலும் ஒரே எண் வர வாய்ப்பு அதிகம். கால்களுக்கு ஸ்கேல் பழகிய ஃபிசியோவுக்குப் புதிதாகக் கற்கவேண்டியதும் குறைவு. ‘குறையோடு வருகிறது’ என்றால் ஏன் என்று குறிக்கச் சொல்வது எனக்குப் பிடிக்கும். பக்கத்து மூட்டும் சேர்ந்து அசைந்ததா, மறு கை பின்பற்றியதா, உடலைச் சாய்த்துச் சமாளித்தானா, தூரம் போதவில்லையா என்ற குறிப்புகள்தான் அடுத்த வாரத் தெரபியைத் தீர்மானிக்கும், மொத்த மதிப்பெண் இல்லை. ஒரு குறை உண்டு. குழந்தைக்குச் சொன்னது புரிந்து, செய்துகாட்ட மனமும் இருக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தையிடம் “மணிக்கட்டை மட்டும் மேலே தூக்கு” என்று சொல்லிப் பாருங்கள்!

அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு வந்தால் ஷுவீ என்ற இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் ஷ்ரைனர்ஸ் மருத்துவமனைகளில் உருவாகி 2006இல் வெளியானது. ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட குழந்தை வேலை செய்யும்போது கட்டைவிரல், விரல்கள், மணிக்கட்டு, முன்கை, முழங்கை எந்த நிலையில் இருக்கின்றன என்று வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும். தசைநார் மாற்றும் அறுவை சிகிச்சை செய்யும் எலும்பு மருத்துவருக்கு இது பேசும் மொழி. சின்ன மையத்துக்கு அன்றாடத் தேவை இல்லை.

ஏ.எச்.ஏ.வா, மெல்போர்னா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அதிகம் காணக்கிடைப்பவையும் இவைதான்.

அசிஸ்டிங் ஹேண்ட் அசெஸ்மென்ட், அதாவது ஏ.எச்.ஏ., ஸ்டாக்ஹோமில் பிறந்தது. இதன் அடிப்படை யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட குழந்தையின் அந்தக் கை ஒருநாளும் முதன்மைக் கை ஆகப்போவதில்லை. அதன் வேலை உதவிக் கையாக இருப்பது: பேப்பரைப் பிடித்துக்கொள்ள, டிபன் பாக்ஸை அழுத்திக்கொள்ள, ஜியாமெட்ரி பாக்ஸைத் தாங்க. அப்படியானால் அதை உதவிக் கையாகத்தானே மதிப்பிட வேண்டும்? அதனால் இரண்டு கையும் தேவைப்படும் விளையாட்டுப் பொருட்களைக் கொடுத்து விளையாட விடுகிறார்கள். கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்குப் பலகை விளையாட்டு. “இந்தக் கையால் செய்” என்று யாரும் சொல்வதில்லை. 10, 15 நிமிடம் வீடியோ எடுத்து, பிறகு உட்கார்ந்து 20 அம்சங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். கை தானாக வருகிறதா, எப்படிப் பிடிக்கிறது, பிடியை மாற்றிக்கொள்கிறதா, விடும்போது என்ன ஆகிறது, இரண்டு கையும் ஒத்துப்போகின்றனவா என்று. முடிவு 0 முதல் 100 வரை ஒரே எண். 5 புள்ளிக்கு மேல் மாறினால் அது அளவீட்டுப் பிழையைத் தாண்டிய மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். 18 மாதம் முதல் 12 வயது வரை ஒரு வடிவம், அதற்குக் கீழேயும் மேலேயும் தனி வடிவங்கள்.

ஆறு மாதம் முன்பு எழுதிய ‘சுமார்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘48’ என்று இருந்து, இப்போது ‘55’ என்றால், அது ஒரு பதில். நல்ல கையைக் கட்டிவைத்துப் பயிற்சி கொடுக்கும் சி.ஐ.எம்.டி. முறையோ, இரண்டு கைப் பயிற்சியோ ஆரம்பிக்கும் மையத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் விலை இருக்கிறது. பயிற்சி வகுப்பு முடித்துச் சான்றிதழ் பெற்றவர்தான் மதிப்பெண் போடலாம். பொருட்கள் அடங்கிய பெட்டி வேண்டும். ஒரு குழந்தைக்கு வீடியோ பார்த்து மதிப்பெண் போடுவதற்கே நல்ல நேரம் போகும். சான்றிதழ் பெற்ற ஒரே ஓ.டி. வேலை மாறிப் போய்விட்டால் மையத்திடம் மிஞ்சுவது பொம்மைப் பெட்டி மட்டும்தான். அப்புறம், முக்கியமானது: இது ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு மட்டும். இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு இதை வைப்பதில் அர்த்தமில்லை. அவர்களுக்காகப் போஹா என்று ஒன்றை 2018இல் அதே வழியில் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கும் தனிப் பயிற்சி.

மெல்போர்ன் அசெஸ்மென்ட் வேறு வழியில் போகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ராயல் குழந்தைகள் மருத்துவமனையில் உருவானது. இப்போது இருப்பது இரண்டாம் பதிப்பு, இரண்டரை வயது முதல் 15 வயது வரை. ஒரு நேரத்தில் ஒரு கைதான். “முன்னால் நீட்டித் தொடு”, “கிரயானை எடு”, “சின்ன வில்லையை எடுத்து வை”, “எதிர்ப்பக்கத் தோளைத் தொடு” என்று 14 செயல்கள். இதுவும் வீடியோதான். வரும் மதிப்பெண்ணை ஒரே எண்ணாகக் கூட்டாமல், அசைவின் தூரம், துல்லியம், விரல் திறன், அசைவின் சீர் என்று நான்கு பகுதிகளாகவே வைத்திருக்கிறார்கள். பழைய பதிப்பில் எல்லாம் சேர்ந்த ஒரே எண்தான். பிரித்தது நல்ல வேலை, ஏனென்றால் ஊசி போட்டபின் தூரம் கூடி, துல்லியம் அப்படியே இருந்தால் அது தெரிய வேண்டும். கூட்டினால் மறைந்துபோகும்.

பெற்றோர் கேட்கும் ‘கன்ட்ரோல்’ என்ற சொல்லுக்கு மிக அருகில் வருவது மெல்போர்ன்தான். கை நடுங்கி நடுங்கிப் போகிறதா, ஒரே ஓட்டமாகப் போகிறதா, இலக்கைத் தாண்டிவிடுகிறதா என்பதைச் சொல்கிறது. ஒரு பக்கம், இரு பக்கம் எந்தக் குழந்தைக்கும் வைக்கலாம். ஆனால் மடியில் சும்மா கிடக்கும் கையை இது கண்டுபிடிக்காது. சொன்னால் செய்யும் குழந்தை இதில் நன்றாகவே செய்துவிடும்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கப் பாதிப்புக் குழந்தைகள் நிறைய வரும் மையம், இரண்டு பேரையாவது பயிற்சிக்கு அனுப்ப முடியும் என்றால், ஏ.எச்.ஏ. ஒரே ஒருவரை மட்டும்தான் அனுப்ப முடியும் என்றால், அல்லது வரும் குழந்தைகளில் இரு பக்கமும் பாதிக்கப்பட்டவர்களே அதிகம் என்றால், மெல்போர்ன். இரண்டையும் வாங்கி இரண்டையும் அரைகுறையாகச் செய்வது மூன்றாவது வழி, அதை விட்டுவிடலாம்.

குவெஸ்ட் என்ற கனடாவின் சோதனையையும் சிலர் பரிந்துரைப்பார்கள். 1992இல் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தது, 18 மாதம் முதல் 8 வயது வரை. தனித்தனி அசைவு, பிடிப்பு, கையை ஊன்றித் தாங்குவது, விழும்போது கை நீட்டுவது என்று நான்கு பகுதிகள். சிறு குழந்தைகளிடம் ஊன்றுவதையும் பார்க்கிறது என்பது இதன் தனிச்சிறப்பு. ஆனால் பிடிப்பதில் ஏற்கெனவே தேறிய குழந்தைக்கு மேலே போக இடமிருக்காது. பாதிப்பு அதிகமுள்ள சின்னக் குழந்தைகள் வரும் இடத்தில் இன்னும் பயன்படும்.

கடிகாரம் வைத்துப் பார்ப்பவை

பாக்ஸ் அண்ட் பிளாக் சோதனைக்கு ஒரு மரப்பெட்டி போதும். நடுவில் சுமார் 15 செ.மீ. உயரத் தடுப்பு, ஒரு பக்கம் 150 சின்னக் கட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு அங்குல அளவு. ஒரு நிமிடத்தில் எத்தனை கட்டையைத் தடுப்புக்கு மேலே கொண்டுபோய் அந்தப் பக்கம் போடுகிறான் என்று எண்ண வேண்டும். முதலில் நல்ல கை, பிறகு மற்றது. ஊர் ஆசாரியிடம் அளவு சொல்லிச் செய்துகொள்ளலாம். குழந்தைகளுக்கும் பிடிக்கும், போட்டி மாதிரி இருக்கும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் ‘எத்தனை’ என்று மட்டும்தான் சொல்லும், ‘எப்படி’ என்று சொல்லாது. முதுகை முன்னுக்குத் தள்ளி, தோளைத் தூக்கி, கட்டையை வாரிப் போட்டாலும் எண்ணிக்கை கூடும். கட்டையைப் பிடிக்க முடியும், ஆனால் பிடியை விட முடியாது என்ற குழந்தைக்கு பூச்சியம் வரும், அது அவனுக்கு நியாயம் செய்யாது. ஜெப்சன்–டெய்லர் சோதனையும் இதே வகைதான், 1969இல் இருந்து இருக்கிறது, ஏழு பணிகள், ஒவ்வொன்றுக்கும் நேரம். எழுதும் பணியைச் சிறு குழந்தைகளுக்கு விட்டுவிடுவது வழக்கம். இரண்டில் ஒன்று போதும், அது மரப்பெட்டியாக இருக்கட்டும்.

வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பவை

எபில்ஹேண்ட்-கிட்ஸ் பெல்ஜியத்தில் இருந்து 2004இல் வந்த கேள்வித்தாள். 21 வேலைகள், 6 முதல் 15 வயது. ஒவ்வொன்றும் முடியாது, கஷ்டம், எளிது என்று பெற்றோர் குறிக்க வேண்டும். இலவசம். மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறையும் நம்பகமானது. சிக்கல் எங்கே என்றால், அந்த 21இல் சட்டைப் பொத்தான், பென்சில் சீவுவது, பற்பசை பிதுக்குவது, தண்ணீர் பாட்டில் மூடி என்று நமக்குத் தெரிந்தவையும் இருக்கின்றன. கூடவே ஸ்வெட்டர் கையை மடிப்பது, ஜாம் பாட்டில் திறப்பது, படுக்கை விளக்கைப் போடுவது, பிரெட் டப்பாவைத் திறப்பது போன்றவையும் இருக்கின்றன. மதுரையில் யார் வீட்டில் ஸ்வெட்டர் போடுகிறார்கள்?

உடனே, “சரி, அதை எடுத்துவிட்டு இட்லியைப் பிட்டுச் சாப்பிடுவது, பாவாடை நாடா கட்டுவது, குழாயைத் திறந்து மக்கில் பிடிப்பது என்று மாற்றிவிடலாமே” என்று தோன்றும். மாற்றக்கூடாது. ஒவ்வொரு வேலையும் எவ்வளவு கடினம் என்று கணக்கிட்டுத்தான் அந்த மதிப்பெண் அட்டவணையை அமைத்திருக்கிறார்கள். ஒரு வேலையை மாற்றினால் அட்டவணை செல்லாது. வீட்டில் செய்யவே வாய்ப்பில்லாத வேலையை விட்டுவிட இடம் உண்டு, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இட்லிக்கும் நாடாவுக்கும் வேறு கருவி இருக்கிறது.

அதுதான் சி.ஓ.பி.எம்., கனடாவின் நேர்காணல் முறை. பட்டியல் எதுவும் கிடையாது. குடும்பமே சொல்ல வேண்டும், எது அவர்களுக்கு முக்கியம் என்று. “பள்ளியில் டிபன் பாக்ஸைத் தானே திறக்கணும், டீச்சரை எதிர்பார்க்கக் கூடாது” என்று பத்து வயதுப் பெண் சொன்னால், அதுதான் இலக்கு. இப்போது எப்படிச் செய்கிறாள், அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை குறிக்கச் சொல்லி, சில மாதம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். 2 புள்ளி கூடினால் கவனிக்கத்தக்க மாற்றம் என்பது பொதுவான கணக்கு. மெல்போர்னில் ஒன்றும் மாறாமல் இதில் மட்டும் நான்கு புள்ளி ஏறுவதும் நடக்கும். ஒரு வழுக்காத பாய், வேறு மாதிரி மூடி, கொஞ்சம் பழக்கம், டிபன் பாக்ஸ் திறந்துவிடும். கை அப்படியே இருக்கும். இதைத் தோல்வி என்று சொல்பவரோடு எனக்கு உடன்பாடில்லை.

கேமராவும் கருவியும்

உடம்பில் ஒளிரும் புள்ளிகள் ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்து, கை போகும் பாதையை மில்லிமீட்டர் கணக்கில் பதிவுசெய்யும் ஆய்வகங்கள் உண்டு. நடையைப் பார்க்கத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள், கைக்கும் செய்யலாம். பெல்ஜியத்தின் லூவெனில் இதை முறையாக வளர்த்திருக்கிறார்கள். கை எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பாதை நேராக இருந்ததா, வேகம் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கியதா அல்லது நடுவில் பலமுறை நின்று நின்று போனதா, முதுகு எவ்வளவு உதவியது என்றெல்லாம் தெரியும். கண்ணால் பார்த்து 2 போடுவதா 3 போடுவதா என்ற தகராறு இல்லை. ஆராய்ச்சிக்கு அருமை. நம் மையத்துக்குத் தேவை இல்லை, வாங்கித் தருகிறோம் என்று யாராவது முன்வந்தாலும் அந்தப் பணத்தில் இன்னோர் ஓ.டி.யை வேலைக்கு வைக்கச் சொல்வேன். இரண்டு மணிக்கட்டிலும் வாட்ச் மாதிரி ஒன்றைக் கட்டி, எந்தக் கை நாள் முழுக்க எவ்வளவு அசைந்தது என்று பார்க்கும் கருவி கொஞ்சம் மலிவு. அது அசைவைத்தான் எண்ணும். ஓடும்போது ஆடும் கையும் அதற்கு வேலை செய்யும் கைதான்.

கையில் இருக்கும் போன் கேமராவை மட்டும் நான் விடமாட்டேன். ஸ்டாண்டில் வைத்து, அதே மேசை, அதே நாற்காலி, கால் தரையில் படும்படி உட்காரவைத்து, முன்பக்கம் ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை. கை இல்லாத பனியன் போட்டிருந்தால் தோள் தெரியும். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, மையத்தின் கணினியில் வைக்க வேண்டும், தெரபிஸ்டின் வாட்ஸ்அப்பில் இல்லை. எந்தச் சோதனையும் வாங்க முடியாத மையம்கூட இதைச் செய்யலாம். பிறகு பணம் வந்து பயிற்சி எடுத்தால் பழைய வீடியோவையும் பார்த்து டாஸ்க் மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம், அந்த அசைவுகளைச் செய்யச் சொல்லி எடுத்திருந்தால்.

எந்த முடிவுக்கு எது

பள்ளிக்கும் சான்றிதழுக்கும் குழந்தையின் நிலையைச் சொல்ல மேக்ஸ். ஊசியோ அறுவை சிகிச்சையோ பேசும்போது, ஆஷ்வர்த்தோடு டாஸ்க் கட்டாயம். மூன்று மாத, ஆறு மாதத் தெரபியின் பலனைப் பார்க்க ஏ.எச்.ஏ. அல்லது மெல்போர்ன், முடியாவிட்டால் மரப்பெட்டியும் வீடியோவும். எந்த வழியானாலும் கூடவே சி.ஓ.பி.எம். என் கணக்கில், மேக்ஸ், டாஸ்க், மரப்பெட்டி, எபில்ஹேண்ட், சி.ஓ.பி.எம். என்ற இந்தக் கட்டு பெரிய செலவில்லாமல் ஒரு மையத்தை ஓட்டப் போதும்.

கைக்குழந்தைகளுக்கு இவற்றில் பலவும் பொருந்தாது. ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரு கையை மட்டும் நீட்டி, மற்றதை மூடியே வைத்திருந்தால், “இடது கைப் பழக்கம் போல” என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்காமல் உடனே காட்ட வேண்டும். 3 முதல் 12 மாதத்துக்கு ஹாய் என்று ஒரு சோதனை இருக்கிறது, ஏ.எச்.ஏ. குழுவின் வேலை, ஒவ்வொரு கைக்கும் தனி மதிப்பெண் தருவதால் இடவல வேறுபாடு எண்ணாகவே தெரியும். அதற்கும் பயிற்சி வேண்டும். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் ஒருவராவது கற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும்.

உடல் தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும், அலைந்துகொண்டே இருக்கும் வகைக் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் வைத்த சோதனைக்கும் மாலையில் வைத்த சோதனைக்கும் சம்பந்தமே இருக்காது. பயந்தால் கூடும், சிரித்தால் கூடும், தூங்கினால் நின்றுவிடும். மரப்பெட்டி இவர்களுக்குத் தண்டனை. மெல்போர்ன் எண்ணும் நாளுக்கு நாள் ஆடும். 2012இல் லூவெனில் இருந்து வந்த டிஸ்கைனீசியா இம்பேர்மெண்ட் ஸ்கேல் இந்த அசைவுகளை உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் வீடியோவில் பார்த்து அளக்கிறது, ஆனால் மதிப்பெண் போட நீண்ட நேரம் ஆகும். இவர்களிடம் நான் மேக்ஸும் சி.ஓ.பி.எம்.மும் மட்டும் வைத்துக்கொண்டு, வீடியோவை ஒரே நாளில் எடுக்காமல் வாரத்தின் வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில், முடிந்தால் வீட்டிலேயே அம்மாவை எடுக்கச் சொல்வேன். பதினைந்து நிமிட அப்பாயின்ட்மென்டில் பயந்துபோய் விறைத்த கையைவிட, வீட்டுத் திண்ணையில் எடுத்த அந்த வீடியோக்களில் இருக்கும் கைதான் அவனுடைய கைக்கு நெருக்கமானது.